ஜூலை மாதத்துக் கரிநாக்கு

ரொக்காமோராவுக்கு ஏறிவரும் மலைப்பாதையில் இருக்கிற ஒரே பெட்ரோல் பங்க் எமீதியோவுடையது. அவனிடம் வண்டியை நிறுத்தி, "பாதி டாங்கி போதும்" என்று சொன்னால் பாதியோடு நிற்காது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. குழாயைச் சொருகியதுமே போர்த்தோசாலே அணிக்குப் புதிதாக வந்திருக்கிற ஆட்டக்காரனைப் பற்றி ஆரம்பித்துவிடுவான். அந்தப் பையன் எந்த ஊர், எந்தக் காலில் பலம், போன வருஷம் எத்தனை மஞ்சள் அட்டை வாங்கினான் என்று ஒப்பித்து முடிப்பதற்குள் டாங்கி நிரம்பிக் குழாய் தானாகவே டக்கென்று நின்றிருக்கும். வண்டிக்காரன் முறைப்பான்.

"நிரம்பட்டும்ப்பா! ஆகஸ்ட்ல மேட்ச் பாக்கக் கீழ இறங்கணும்ல? எழுதி வச்சுக்கோ, இந்த வருஷம் நாம முதல் பிரிவுக்குப் போறோம்!" என்பான் எமீதியோ.

முறைத்துக்கொண்டிருந்த வண்டிக்காரன் அதைக் கேட்டதும் அலறியடித்துக்கொண்டு பம்ப்பின் இரும்பைத் தொடுவான். நல்லது நடக்கும் என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் உடனே இரும்பைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால் நடக்கவிருந்ததும் நடக்காது. டாக்டருக்குப் படித்தவர்கூடத் தொடுவார், பாதிரியாரும் தொடுவார், தான் தொட்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

எமீதியோ போர்த்தோசாலேயில் பிறந்தவன் இல்லை. அது கீழே, கடலோரத்தில் இருக்கிற துறைமுக ஊர். இவன் அசல் மலைக்காரன், வாலிப வயதுவரை கடலை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருப்பான். ஆனால் அந்த அணி ஒவ்வொரு ஜூலையிலும் வெயிலுக்குப் பயந்து எங்கள் ஊருக்கு ஏறிவரும். ஹோட்டலில் தங்கி, தேவாலயத்துக்கும் ஹோட்டலுக்கும் நடுவே இருக்கிற மைதானத்தில் காலையும் மாலையும் ஓடும். அவர்கள் பின்னாலேயே ரசிகர்களும் கூடாரம், மடக்கு நாற்காலி, சமையல் பாத்திரம் சகிதம் வந்து இறங்கிவிடுவார்கள். முதல் வருஷம் அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் எர்சிலியா, மீன் வியாபாரியின் மகள். கையில் ஆளைவிடப் பெரிய மஞ்சள்-நீலக் கொடி.

முகாம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் ஆட்களோடு ஒரு மேட்ச் ஆடுவது வழக்கம். கறிக்கடைக்காரன், மின்சாரம் பார்க்கிறவன், ஆட்டு மந்தைக்காரன் என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்து ஓர் அணி. முதல் வருஷம் கோலில் நிற்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. வாட்டசாட்டமாக இருந்த ஒரே காரணத்துக்காக எமீதியோவைப் பிடித்துத் தள்ளினார்கள். அன்றைக்கு அவன் வாங்கிய கோல்களை எண்ணுவதை நடுவரே பாதியில் நிறுத்திவிட்டார். மேட்ச் முடிந்து உட்கார்ந்திருந்தவனிடம் எர்சிலியா வந்தாள்.

"மனசு விடாத. உன்ன மாதிரி ஒரு கோல்கீப்பர் வருஷம் பூரா எங்களுக்கு எதிரா நின்னா, நாங்க எப்பவோ முதல் பிரிவுக்குப் போயிருப்போம்."

இதை அவன் காதல் என்று எடுத்துக்கொண்டான். நல்ல வேளையாக அது காதலாகவே இருந்தது. மீன் வியாபாரி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். மாப்பிள்ளை மலைக்காரனாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் தன் மகள் வாழப்போகிற வீட்டில் மஞ்சள்-நீலத்தைத் தவிர வேறு அணியின் நிறம் ஏறக்கூடாது. எமீதியோ அந்த நிபந்தனையை வீட்டோடு நிறுத்தவில்லை. பங்க்குக்கும் அதே வண்ணத்தை அடித்தான். மதம் மாறியவனுக்குத்தான் பக்தி ஜாஸ்தி என்று ஊரே கேலி பேசியது, அவன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

வருஷம் முழுக்கப் பங்க்கை விட்டு நகர முடியாதவனுக்கு ஜூலைதான் திருவிழா. எந்த ஆட்டக்காரன் லீவில் தொப்பை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், எவன் புதுப் பெண்டாட்டியோடு போனிலேயே குடியிருக்கிறான், கோச்சுக்கு யார்மேல் கடுப்பு என்பதெல்லாம் பத்திரிகைக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். போர்த்தோசாலேயிலிருந்து வருகிற ரசிகர்கள் ஹோட்டலுக்குப் போவதற்கு முன்னால் பங்க்கில்தான் நிறுத்துவார்கள். சும்மா காற்றடிக்கிற சாக்கில் நிறுத்திவிட்டு, "என்ன எமீ, எப்படி இருக்கானுங்க?" என்று கேட்பார்கள். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இவ்வளவும் இருந்தும் அவனுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு, கரிநாக்கு. அவன் ஒரு வருஷம் ஒரு தடுப்பாட்டக்காரனை மலைபோல் நிற்கிறான் என்று புகழ்ந்தான், மறுநாளே அந்த மலை படிக்கட்டில் கால் பிசகி விழுந்தது. இன்னொரு வருஷம் நடுக்களத்துக்காரனை இவன்தான் நமக்கு மூளை என்றான், மூளை அடுத்த வாரமே அதிகச் சம்பளத்துக்கு வேறு கிளப்புக்குப் போய்விட்டது. அதிலிருந்து எமீதியோ யாரையாவது பாராட்ட வாயைத் திறந்தால் ரசிகர்கள் ஓடிவந்து வாயைப் பொத்துவார்கள்.

போன சீசனில் கடைசி நாள், கடைசி மேட்சில் மேலே போகிற வாய்ப்பு கைநழுவிப் போனது. போர்த்தோசாலே ஊரே எழவு வீடுபோல் ஆகிவிட்டது. அதனால் இந்த ஜூலையில் எர்சிலியா அவனைச் சமையலறையில் உட்கார வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"இந்த வருஷம் எவனையும் புகழாத. புரியுதா? நல்லா ஆடினா வாய மூடிக்கிட்டுப் பாரு. ரொம்ப நல்லா ஆடினா கண்ணையும் மூடிக்கோ."

"சத்தியமா ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

நான்கு நாள் தாக்குப் பிடித்தான். ஐந்தாம் நாள் தமியானோ வந்து சேர்ந்தான்.

தமியானோ புது முன்கள ஆட்டக்காரன். தெற்கேயிருந்து வந்த, கூச்ச சுபாவமுள்ள, நெடுநெடுவென்று வளர்ந்த பையன். கிளப் இருப்பதையெல்லாம் சுரண்டிப்போட்டு அவனை வாங்கியிருந்தது. முதல் பயிற்சியில் அவன் தூரத்திலிருந்து ஒரு பந்தை அடித்தான். அது கோல் வலையின் பக்கவாட்டைப் பிய்த்துக்கொண்டு போய்த் தேவாலயத்துச் சுவரில் மோதிய சத்தம் பங்க்வரை கேட்டது. எமீதியோ வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, வாயை இறுக்க மூடியபடி பங்க்குக்குத் திரும்பினான். அங்கே முதல் வண்டிக்காரன் கேட்டான், "புதுப் பையன் எப்படி?"

"இருபது கோல். ஒண்ணுகூடக் குறையாது." வாய் முந்திக்கொண்டது.

சொன்ன மாத்திரத்தில் தன் கையிலிருந்த பெட்ரோல் குழாயின் பிடியை இறுக்கிப் பிடித்தான். இரும்பைத் தொட்டாகிவிட்டது, பாதகமில்லை என்று நிம்மதிப் பெருமூச்சும் விட்டான். ராத்திரிச் சாப்பாட்டில் பெருமையாக அதை எர்சிலியாவிடம் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போன மாசம்தானே பிடிய எல்லாம் மாத்தின?"

"ஆமா."

"புதுசு பிளாஸ்டிக் பிடிடா, மடையா."

எமீதியோ அரக்கப்பரக்கப் பங்க்குக்கு ஓடி இரும்புத் தூண், இரும்பு மூடி, பழைய லாரியின் அச்சு என்று கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் தொட்டுப் பார்த்தான். காலம் கடந்துவிட்டது.

அன்றையிலிருந்து தமியானோ அடித்தது எதுவுமே உள்ளே போகவில்லை. பள்ளத்தாக்கு அணிகளோடு ஆடிய பயிற்சி மேட்ச்களில் மற்றவர்கள் மழையாகப் பொழிந்தார்கள், இவன் அடித்தது கம்பத்தில் பட்டது, கோல்கீப்பரின் பிட்டத்தில் பட்டது, ஒருமுறை சொந்த அணிக்காரன் தலையிலேயே பட்டது. பையன் சிரிப்பதை நிறுத்தினான். பிறகு சாப்பாட்டையும் குறைத்தான். கடலோரத்துப் பத்திரிகை அவனுக்குப் "பூட்டிய கதவு" என்று பெயர் வைத்தது. சனிக்கிழமை வந்த செய்திதான் எல்லாவற்றிலும் மோசம். ஞாயிற்றுக்கிழமை ஊர் ஆட்களோடு ஆடுகிற மேட்சிலும் அவன் ஒரு கோல் அடிக்காவிட்டால், மலையிலிருந்து இறங்கியதும் அவனை வேறு கிளப்புக்கு இரவல் கொடுத்துவிட்டு இன்னொருவனைத் தேடப்போவதாகக் கிளப் தலைவரே சொல்லியிருந்தார். கறிக்கடைக்காரனுக்கும் பெட்ரோல் பங்க்காரனுக்கும் எதிராகக்கூட கோல் போடத் தெரியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்.

எமீதியோ அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். "என் வாய்தான் அந்தப் புள்ள பொழப்பைக் கெடுத்துச்சு" என்றான். இந்த விஷயத்தில் ஆறுதல் சொல்கிற பழக்கம் எர்சிலியாவுக்கு இல்லை.

இந்த மேட்சில் இன்னொரு சங்கதியும் உண்டு. பத்து கோலோ அதற்குமேலோ வாங்கினால், அன்று சாயங்காலம் ஊர் ஆட்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஆட்டுக்கறியைக் குச்சியில் கோத்துச் சுட்டு அணிக்கும் ரசிகர்களுக்கும் பரிமாற வேண்டும். பத்துக்குக் குறைவாக வாங்கினால், கோச் உட்பட அணிக்காரர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஊருக்குப் பரிமாற வேண்டும். இதுவரை அவர்கள் ஏப்ரனை மோந்துகூடப் பார்த்ததில்லை. எங்கள் அணித் தலைவன் பெரார்தோவுக்கு அதுதான் தீராத ஏக்கம். அவன் கறிக்கடைக்காரன், எமீதியோவின் பெரியப்பா மகன். ஒருமுறையாவது அந்தக் கோச் கையால் கறி வாங்கித் தின்றுவிட்டுத்தான் ஆட்டத்தை விடுவேன் என்று சபதம் போட்டிருந்தான். மேட்சுக்கு முன்னால் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துச் சொன்னான்:

"பதினோரு பேரும் கோலுக்கு முன்னாடியே நில்லுங்க. எவனாவது முன்னால ஓடினான், திங்கக்கிழமை அவனுக்குக் கறி கிடையாது. எமீ, நீ ரசிகன்கிறத இன்னைக்கு வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா?"

"வந்துட்டேன் பங்காளி."

"சாமி மேல ஆணையா?"

எமீதியோ காதில் விழாத மாதிரி கையுறையை மாட்டினான்.

மைதானத்தைச் சுற்றி மேட்டில் ஒரே கூட்டம். மஞ்சள்-நீலக் கொடிகள், டமாரம், குழந்தைகள், நாய்கள். எர்சிலியா வழக்கம்போல் கணவனின் கோலுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, அவனுக்கு எதிராகக் கோஷம் போட உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் தொடங்கியது. பதினோரு பேரும் கோலுக்கு முன்னால் குவிந்து நின்றதால் பந்து எவன் முதுகிலாவது பட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தது. பெரார்தோ தொப்பையாலேயே மூன்று கோலைத் தடுத்தான். இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகியும் கணக்கு ஒன்பதிலேயே நின்றது. அந்த ஒன்பதில் தமியானோவுடையது ஒன்றுகூட இல்லை.

எமீதியோ முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு பந்தைக் கையில் வாங்கி, நழுவியதுபோல் பையனின் காலடியிலேயே போட்டான். அவன் பதறிப்போய் அதை மேகத்துக்கு அனுப்பினான். இன்னொரு முறை கோலை விட்டு வெளியே ஓடி, இல்லாத பூச்சியைக் கண்ணிலிருந்து எடுப்பதுபோல் நின்றான். காலிக் கோலுக்குள் அடிக்க வேண்டிய பந்து கம்பத்தில் பட்டது.

"கையில வெண்ணெயா தடவியிருக்க?" என்று பெரார்தோ கத்தினான். "கண்ணுல என்னடா?"

"பூச்சி!"

"நானும் ஒரு பூச்சியத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்!"

மேட்டிலிருந்து ரசிகர்கள் தமியானோவுக்கு விசிலடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர். விசிலடித்த அத்தனை பேரிடமும் எமீதியோதான் இருபது கோல் என்று சொல்லியிருந்தான். பையன் தலையைக் குனிந்துகொண்டு, யாரும் தனக்குப் பந்து கொடுத்துவிடக்கூடாதே என்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது பெரார்தோ சறுக்கி விழுந்தான். விழுந்த இடத்தில் பந்து அவன் கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நடுவர் விசிலடித்துப் புள்ளியைக் காட்டினார். பெனால்டி. பெரார்தோ நடுவரிடம் கெஞ்சினான், மிரட்டினான், இனி எலும்பில்லாத கறியாகக் கொடுப்பேன் என்றும் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் எடுபடவில்லை. கோச் எல்லைக்கோட்டிலிருந்து ஒரே ஒரு பெயரைத்தான் கத்தினார்.

"தமியானோ!"

பெரார்தோ எமீதியோவின் காதுக்குள் சொன்னான், "இத மட்டும் பிடிச்சுடு. சாகுறவரைக்கும் உனக்கு ஈரல் இலவசம்." சொல்லிவிட்டுப் போய்க் கும்பிட்ட கையோடு நின்றான். தமியானோ பந்தை வைத்தான். எடுத்தான், மறுபடி வைத்தான். எமீதியோ அதைப் பார்த்துவிட்டான், அத்துடன் அவன் முடிவு பண்ணிவிட்டான். இந்தப் பந்து உள்ளே போயாக வேண்டும்.

கோல் கம்பத்தைத் தொட்டுக்கொண்டான். போன வருஷம்தான் நகராட்சி அதை அலுமினியமாக மாற்றியிருந்தது. தொட்ட பிறகுதான் அது ஞாபகம் வந்து, தன் தலையெழுத்தை நொந்துகொண்டான்.

எப்படி விடுவது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. அவனுடைய முழங்கால் ஒன்று பழுது. அதனால் எந்தப் பெனால்டிக்கும் தேவாலயப் பக்கம்தான் விழுவான், ஹோட்டல் பக்கம் ஒருநாளும் விழுந்ததில்லை. பக்திமான் என்று ஊரே அதை வைத்துக் கிண்டலடிக்கும். ஆனால் பையனுக்கு இது தெரியாது, பெனால்டி அடிக்கும்போதெல்லாம் அவன் தேவாலயச் சுவரைப் பார்த்தே அடிப்பதை எமீதியோ வேலியோரம் நின்று கவனித்திருக்கிறான். ஆகவே இன்றைக்கு ஹோட்டல் பக்கம் விழுந்துவிட்டால் தேவாலயப் பக்கம் வாசல் திறந்து கிடக்கும். முழங்கால் போனால் போகட்டும்.

தமியானோ ஓடிவந்தான். எமீதியோ கண்ணை மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, ஹோட்டல் பக்கம் பாய்ந்தான்.

வயிற்றில் பீரங்கிக் குண்டு விழுந்ததுபோல் இருந்தது. மூச்சு நின்றது. கண்ணைத் திறந்தபோது பந்து அவன் வயிற்றில் பட்டுத் திரும்பி, சில அடி தள்ளிப் புல்லில் உருண்டுகொண்டிருந்தது. ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு ஊர் மொத்தமும் எழுந்து கூத்தாடியது. எங்கள் ஊர் ஆள் பெனால்டியைப் பிடித்துவிட்டான்! ஊர்க் கூச்சலுக்கு மேலே பின்னாலிருந்து எர்சிலியாவின் அலறல் கேட்டது.

"அடப்பாவி மனுஷா! எதுக்கு அந்தப் பக்கம் விழுந்த? நீ தேவாலயப் பக்கம்தான் விழுவேன்னு அந்தப் புள்ளகிட்ட நான்தானே சொல்லி வச்சேன்! ஹோட்டல் பக்கம் அடின்னு நான்தானே சொன்னேன்!"

எமீதியோவுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. நிமிர்ந்து பார்த்தான். தமியானோ இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றான். பந்து அவன் எதிரிலேயே கிடந்தது, அவன் பார்க்கவில்லை. பெரார்தோ அதை நோக்கி மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் எமீதியோவுக்குள்ளிருந்து அது கிளம்பியது. வருஷம் முழுக்கப் பங்க்கில் ரேடியோவைப் பார்த்துக் கத்துகிற அதே குரல்.

"அடிடா! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? பந்து உன் முன்னாடிதான்டா கெடக்கு! அடிடா, தமியானோ! அடிச்சுத் தொலைடா!"

பையன் திடுக்கிட்டான். பந்தைப் பார்த்தான். பெரார்தோவின் கால் வருவதற்கு ஒரு நூல் முன்னால் அதை எட்டித் தட்டினான். கிடந்தவனின் காதை உரசிக்கொண்டு அது உள்ளே போய் வலையில் படுத்துக்கொண்டது.

பத்து.

எமீதியோ எப்படி எழுந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. முழங்கால் வலி, வயிற்று வலி எல்லாம் எங்கேயோ போயிற்று. இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தியபடி ஓடினான். வாயைப் பிளந்து நின்ற தன் அணிக்காரர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, தமியானோவை இழுத்து அணைத்துக் கன்னத்தில் மாறிமாறி முத்தமிட்டுவிட்டு, நேராக ரசிகர்கள் நின்ற மேட்டுக்கு ஓடினான். அவர்கள் அவனை அலாக்காகத் தூக்கினார்கள். தமியானோவும் பின்னாலேயே ஓடிவந்தான், அழுதான், சிரித்தான், இரண்டையும் ஒன்றாகச் செய்தான். டமாரம் கிழிந்தது. எர்சிலியா கொடியோடு மைதானத்துக்குள் வந்து ஒரு சுற்று ஓடினாள்.

பெரார்தோ முகம் சிவக்க மேட்டில் ஏறிவந்து, ரசிகர்களின் நடுவிலிருந்து எமீதியோவின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"நீ யாரு டீம்டா? சொல்லுடா! பத்தாவது கோல்டா அது!"

"பாத்தியா பங்காளி? நம்ம பையன் அடிச்சத பாத்தியா?"

"அது உன் கோல்லதான்டா விழுந்துச்சு!"

"ஆமாடா!" என்று எமீதியோ அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் குலுக்கினான். கண்ணில் தண்ணீர் தாரைதாரையாக ஓடியது. "போர்த்தோசாலே பூரா பாரு, எவனுக்காவது இந்தக் கொடுப்பினை உண்டா? அவனோட முதல் கோல நான் இவ்வளவு பக்கத்துல இருந்து பாத்தேன்டா!"